கிரயத்துக்கு வரும் பழைய செவர்லே

விருதுநகரில் பிறந்து, 1954 ஏப்ரல் முதல் 1963 அக்டோபர் வரை சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியாக இருந்து, 1957, 1962 ஆகிய இரு பொதுத் தேர்தல்களிலும் எங்கள் பக்கத்துச் சாத்தூர்த் தொகுதியிலிருந்தே சட்டசபைக்குச் சென்ற காமராஜர் பிரயாணம் செய்த மோட்டார் காரின் எண் எம்.டி.டி. 2727 என்பது, திருத்தங்கல், சிவகாசி வட்டாரத்துப் பெரியவர்கள் சிலருக்கு இன்றும் மனப்பாடம். அது ஒரு செவர்லே கார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய அமெரிக்கத் தொழிற்சாலைகளின் கைவண்ணம். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி அவர் காலமானபோது அந்தக் கார் அவருடைய சொந்த ஆஸ்தியாக இருக்கவில்லை. கட்சிக்கே திரும்பிப் போயிற்று. அதை யாரும் விலைக்குக் கேட்கப் போவதில்லை, கேட்டாலும் கொடுக்கப் போவதில்லை. ஆனால் அதே காலத்தில், அமெரிக்கக் கம்பெனிகளின் பெயரைத் தாங்கி நம் நாட்டுக்கு வந்த செவர்லே, பிளைமவுத், டாட்ஜ், ஃபோர்டு வண்டிகளில் சில இன்னும் ஜீவனோடு இருக்கின்றன. அவற்றில் ஒன்று எப்போதாவது புதுப்பிக்கப்பெற்றுப் பளபளக்கும் வண்ணத்தோடு விற்பனைக்கு வருகிறது. அப்படி வருகிற ஒரு வண்டியை எப்படிப் பார்க்க வேண்டும், எதற்காக விலை கொடுக்க வேண்டும் என்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் இந்த வண்டிகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1942 பிப்ரவரியில் அமெரிக்கா தன் மோட்டார்த் தொழிற்சாலைகள் அனைத்தையும் யுத்த தளவாட உற்பத்திக்குத் திருப்பி, பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை அடியோடு நிறுத்தியது. 1945-இன் பிற்பகுதியில் தொழிற்சாலைகள் மீண்டும் கார் செய்யத் தொடங்கியபோது, புது வார்ப்புகளைச் செய்ய அவகாசமில்லாமல், 1942-ஆம் வருஷத்து மாதிரிகளையே முகப்பு அலங்காரத்தைச் சற்று மாற்றி விற்றார்கள். நாலு வருஷம் கார் கிடைக்காமல் தவித்த ஜனங்களும் குறை சொல்லாமல் வாங்கினார்கள். ஆகவே 1946, 1947, 1948 ஆகிய வருஷங்களின் செவர்லே, ஃபோர்டு வண்டிகள் பெயரளவில் யுத்தத்துக்குப் பிந்தியவை என்றாலும், உருவத்திலும் உள்ளமைப்பிலும் யுத்தத்துக்கு முந்தியவையே. சக்கரத்தின்மேல் தனியே புடைத்து நிற்கும் மட்கார்டும், உயர்ந்த கூரையும் அவற்றின் லட்சணம். புதிய உருவத்தை 1947 மாதிரியிலேயே கொண்டுவந்த ஸ்டூடிபேக்கர் இதற்கு ஒரு விலக்கு. ஃபோர்டு தன் 1949-ஆம் வருஷத்து மாதிரியை 1948 ஜூனிலேயே நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தது. அடுத்து வந்த செவர்லேயும், முன் மட்கார்டும் உடலும் ஒன்றாய்க் கலந்த, தாழ்ந்து அகன்ற வடிவத்தை எடுத்துக்கொண்டது. 1949 முதல் 1952 வரை வந்த அந்தச் செவர்லே செடான்களே பின்னாளில் நம் சினிமாப் படங்களில் பணக்காரர் வீட்டு வாசலில் நின்ற வண்டிகள். நான் இங்கே சொல்லப்போவதில் பெரும்பாலானவை அவற்றைப் பற்றியவை. மற்ற வண்டிகளுக்கும் பொதுவாகப் பொருந்தும்.

இவை நம் நாட்டுக்குப் பெரும்பாலும் முழு வண்டியாக வரவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-இல் பம்பாயின் சேவ்ரியில் ஒரு தொழிற்சாலை அமைத்து, மரப்பெட்டிகளில் வந்திறங்கிய பாகங்களைப் பூட்டி வண்டியாக்கி விற்றது. ஃபோர்டு அதற்கு இரண்டு வருஷம் முந்தியே இங்கே வந்துவிட்டது. வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி யுத்தத்துக்குப் பின் குர்லாவில் டாட்ஜ், டி சோட்டோ, பிளைமவுத் வண்டிகளைப் பூட்டிற்று. பிர்லாவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரையும் கையில் எடுத்தது. தென்னாட்டைப் பொறுத்தவரை, 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய ஸ்தாபனமே ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்குப் பெரிய விநியோகஸ்தராக விளங்கியது. யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது கரியை எரித்து வாயு உண்டாக்கி வண்டி ஓட்டும் சாதனத்தைத் தயாரித்து விற்றவர்களும் அவர்களே. எங்கள் வட்டாரத்தில் தீப்பெட்டியிலும் அச்சுத் தொழிலிலும் பருத்தியிலும் பணம் சேர்த்த குடும்பங்களுக்கு மதுரை எட்டும் தூரத்தில் இருந்ததால், அங்கே போய் வண்டியைப் பார்த்து வாங்குவது சௌகரியமாக இருந்தது.

விலை என்ன? 1949-இல் அமெரிக்காவில் ஒரு நாலு கதவுச் செவர்லே செடானின் விலை ஏறத்தாழ 1,500 டாலர். அந்த வருஷம் செப்டம்பர் வரை ஒரு டாலருக்கு 3 ரூபாய் 31 காசு வீதம் மாற்று விகிதம் இருந்ததால் அது சுமார் 5,000 ரூபாய். செப்டம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது ரூபாயின் மதிப்பும் கூடவே இறங்கி, ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசு ஆனது. அதே வண்டி ஒரே வாரத்தில் 7,000 ரூபாயைத் தாண்டிற்று. கப்பல் கூலியும் சுங்கமும் வியாபாரியின் லாபமும் இதில் சேரவில்லை. எனவே ஒரு பழைய வண்டியின் பதிவுப் புத்தகத்தில் முதல் சொந்தக்காரராக யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்ப்பது வெறும் ஆவலுக்காக மட்டுமல்ல. அந்தப் பெயர் ஒரு மில் முதலாளியுடையதா, ஜமீன்தாருடையதா, டாக்டருடையதா என்பதிலிருந்தே அந்த வண்டி எப்படி ஓடியிருக்கும், எந்த அளவுக்குச் சிரத்தையோடு காக்கப்பட்டிருக்கும் என்பதை ஒருவாறு ஊகிக்கலாம்.

1953-இல் சுங்கவரிக் கமிஷன், இந்நாட்டிலேயே பாகங்களைச் செய்யும் திட்டமில்லாமல் வெறுமனே பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை என்று சிபாரிசு செய்தது. சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டதும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. சுதேசித் தொழிலுக்கு அந்த முடிவு நன்மையே செய்தது. அதனால்தான் பிற்காலத்தில் அம்பாஸடரும் ஃபியட்டும் நம் சாலைகளை ஆண்டன. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அமெரிக்க வண்டிகளின் கதி அன்றோடு மாறிற்று. அந்நியச் செலாவணி நெருக்கடியால் பிஸ்டனும் கிளட்ச் தட்டும் பேரிங்கும் வருவது குறைந்துபோய், ஒரு வண்டியை ஓட வைக்க வேண்டுமானால் மற்றொரு வண்டியைப் பிரிக்க வேண்டும், அல்லது ஊர் லேத் பட்டறையில் கடைந்துகொள்ள வேண்டும் என்ற நிலை வந்தது. அமெரிக்கத் தடையினால் கியூபாவுக்கு 1960-க்குப் பின் நேர்ந்ததை நாம் அதற்குச் சில வருஷங்கள் முந்தியே சந்தித்தோம். கியூபாவின் பழைய கார்களை உலகமெல்லாம் படம் பிடித்துப் போற்றுகிறது. நம் ஊர் மெக்கானிக்குகளின் சாமர்த்தியத்தை நாமே எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

அந்தக் காலத்தில் இவற்றுக்கு நேர்ந்த இன்னொரு மாற்றத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நல்ல உறுதியான சேஸிஸும், எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்காரும் இடவசதியும் இருந்தபடியால், முதல் முதலாளிகள் கைவிட்ட பெரிய வண்டிகள் வாடகைக் கார்களாக மாறின. வாடகைக்கு ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் கட்டுப்படியாகாது. ஆகவே பலர் அசல் எஞ்சினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, சென்னைச் செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி தயாரித்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் போன்றவற்றைப் பொருத்தினார்கள். அந்த எஞ்சின் கனமானது, அதிர்வு மிகுந்தது. அதன் தாங்கிகளைப் பொருத்துவதற்காகச் சேஸிஸை வெட்டியும் பற்றவைத்தும் இருப்பார்கள். இன்று புதுப்பித்து விற்பனைக்கு வருகிற வண்டியில் அசல் பெட்ரோல் எஞ்சின் இருந்தால், அது ஆதிமுதல் அதிலேயே இருந்ததா, அல்லது டீசலைக் கழற்றிவிட்டு வேறெங்கிருந்தோ கொண்டுவந்து வைத்ததா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. எஞ்சின் பிளாக்கில் குத்தியிருக்கும் எண்ணைப் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்ப்பது முதல் வேலை. சேஸிஸின் முன்பகுதியில் பழைய வெட்டுகளும் பற்றவைப்புத் தழும்புகளும் இருக்கின்றனவா என்று கீழே படுத்துப் பார்ப்பது இரண்டாவது வேலை.

இனி எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வண்டியின் உயிரும் அழகும் எனக்கு அங்கேதான் தெரிகின்றன. பானெட்டைத் தூக்கினால் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நீளமாக நிற்கும். மொத்தக் கொள்ளளவு 216.5 கன அங்குலம், அதாவது சுமார் மூன்றரை லிட்டர். சக்தி சுமார் 90 குதிரைத் திறன். இன்றைக்கு மூன்றில் ஒரு பங்குக் கொள்ளளவுள்ள சிறு காரே அந்தச் சக்தியைத் தருகிறது. ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. இந்த எஞ்சின் தன் பலத்தையெல்லாம் மிகத் தாழ்ந்த வேகத்திலேயே தருமாறு அமைக்கப்பட்டது. மூன்றாவது கியரிலேயே கடைத்தெருவில் ஊர்ந்து, அதே கியரில் மெல்ல வேகமெடுத்து ஊரைத் தாண்டிச் செல்லும். சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் விகிதம் குறைவு என்பதால், அக்காலத்தில் கிராமத்து டின்களில் கிடைத்த சுமாரான பெட்ரோலையும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது. ஃபோர்டும் பிளைமவுத்தும் வால்வுகளைச் சிலிண்டரின் பக்கவாட்டில் வைத்திருந்த அந்த நாளில், மலிவு விலை வண்டியான செவர்லே தன் ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் 1929 முதலே அவற்றை மேலே வைத்திருந்தது. ஆகையால் மேல் மூடியைக் கழற்றினால் போதும், பன்னிரண்டு வால்வுகளும் கண்முன்னே தெரியும். சாதாரண மெக்கானிக்கும் ஒரு ஃபீலர் கேஜை வைத்துச் சரிசெய்துவிடலாம்.

ஆனால் இந்த எஞ்சினுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அதை அறியாமல் வாங்கியவர்கள் அவதிப்பட்டிருக்கிறார்கள். இன்றைய எஞ்சின்களில் ஆயில் பம்ப், எண்ணெயை அழுத்தத்தோடு ஒவ்வொரு பேரிங்குக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்தப் பழைய செவர்லே எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் முக்கியப் பேரிங்குகள் முதலியவற்றுக்கு மட்டுமே அந்த ஏற்பாடு. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடுகளின் அடியில் சிறு கரண்டி போன்ற ஒரு உறுப்பு இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது கீழே தொட்டியில் நிற்கும் எண்ணெயை மொண்டு பேரிங்குக்குள் செலுத்தும். தவிரவும், அந்த ராடுகளின் பேரிங் தனியே மாற்றக்கூடிய உறை அல்ல. ஒயிட் மெட்டல் என்னும் மிருதுவான உலோகத்தை உருக்கி ராடிலேயே ஊற்றிக் கடைந்தது. நிதானமாக ஓட்டினால் இந்த ஏற்பாடு பல்லாண்டுகள் உழைக்கும். நாற்கரச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டரில் மதுரை வரை விரட்டினால் ராடுகளின் பேரிங்கே முதலில் போகும். எனவே வாங்க வருகிறவர், எஞ்சின் சூடேறிய பிறகு, ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தி விடும் தருணத்தில் அடியிலிருந்து ஒரு தட்டல் ஓசை எழுகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். ஆயில் கேஜின் முள் 15 பவுண்டு அளவிலேயே நிற்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது இந்த எஞ்சினின் இயல்பு.

ஒயிட் மெட்டல் ஊற்றிக் கடையத் தெரிந்த கைகள் நம் நாட்டில் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால் 1954 முதல் வந்த, முழு அழுத்த எண்ணெய் ஓட்டமுள்ள 235 கன அங்குலச் செவர்லே எஞ்சினை இந்த வண்டிகளில் வைத்துவிடுகிற வழக்கம் அமெரிக்காவிலேயே இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல் இருக்கும். ஓட்டுவதற்கு மாற்றியதே சௌகரியம். நான் இதைக் குற்றமென்று சொல்லமாட்டேன். விற்பவர் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்பதும், அசல் எஞ்சினுக்குரிய விலையைக் கேட்கக் கூடாது என்பதுமே என் கருத்து.

மற்ற யந்திரப் பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கியர்க் கம்பி ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும். முன்னோக்கிச் செல்ல மூன்று கியர்கள். முதல் கியரை வண்டி முழுவதும் நின்ற பின்னரே போட வேண்டும், இல்லாவிட்டால் பல் அலறும். 1950 முதல் கியரே மாற்ற வேண்டாத வகையொன்றும் வந்தது. நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் டிரம் பிரேக் உண்டென்றாலும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே ஒன்று. ஓரிடத்தில் கசிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும் என்பதால், ரப்பர் வாஷர்களும் குழாய்களும் எப்போது மாற்றப்பட்டன என்பதைக் கேட்டறியாமல் சாலைக்கு எடுக்கக் கூடாது. வைப்பர், எஞ்சின் உறிஞ்சும் காற்றின் பலத்தால் ஆடுவது. மேட்டில் ஏறும்போது மழை பெய்தால் அது தயங்கித் தயங்கி நிற்கும். மின்சாரம் 6 வோல்ட். நம்மூரில் 6 வோல்ட் பேட்டரி தேடுவது சிரமமென்று அநேகர் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்படி மாற்றியவர் டைனமோ, செல்ஃப் மோட்டார், பெட்ரோல் அளவுமானி எல்லாவற்றையும் அதற்கேற்பச் சரிசெய்தாரா, பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொண்டாரா என்பது டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தால்தான் தெரியும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர்க் குழாயும் பெட்ரோல் பம்பின் ஜவ்வும் சீக்கிரம் கெடும். அவற்றுக்கு எத்தனால் தாங்கும் ரகத்தைப் போட்டிருக்கிறார்களா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

உடலைப் பற்றிப் பேசும்போது எங்கள் பூமியின் சீதோஷ்ணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு என்ற காரணத்தாலேயே தீப்பெட்டியும் பட்டாசும் இந்தக் கரிசல் சீமையில் வேரூன்றின. அதே வறட்சி இரும்புக்கும் நல்லது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றில் கிடந்த வண்டியின் அடித்தகடு அரித்துப்போகிற அளவு, திருத்தங்கலிலோ அருப்புக்கோட்டையிலோ ஒரு கொட்டகையில் கிடந்த வண்டிக்கு அரிப்பதில்லை. ஆனால் இந்த வெயில் வேறு வகையில் பழிவாங்கும்: ரப்பர் பீடிங் வெடித்து உதிரும், இருக்கைத் துணி நைந்து போகும், ஸ்டீயரிங் சக்கரத்தின் மேற்பூச்சு பாளம் பாளமாகப் பிளக்கும். எனவே வண்டி எந்த ஊரில் எத்தனை காலம் நின்றது என்ற சரித்திரமே, எந்த இடத்தைச் சோதிக்க வேண்டுமென்று சொல்லிவிடும். கடலோர வண்டியானால் கதவுகளின் கீழ்விளிம்பு, டிக்கியின் தரை, ஹெட்லைட்டைச் சுற்றிய கிண்ணம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப்பட்டி ஆகிய இடங்களில் துருவைத் தேட வேண்டும். யுத்தத்துக்குப் பிந்திய இந்தச் செடான்களின் உடல் முழுவதும் எஃகுத் தகடு, பழைய காலம் போல உள்ளே மரச்சட்டம் கிடையாது என்பதால், கைதேர்ந்த டிங்கர் ஒருவர் அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை அதே வளைவுக்குத் தட்டிப் பற்றவைத்துவிட முடியும். அப்படிச் செய்ததா, அல்லது ஓட்டையின்மேல் பட்டியைப் பூசித் தேய்த்து வண்ணம் அடித்ததா என்பதை அறிய, மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் ஒன்று போதும். தகடு இருக்குமிடத்தில் அது ஒட்டும். பட்டி கனத்துக் கிடக்கும் இடத்தில் நழுவி விழும்.

புதுப்பித்தல் என்று சொல்வதிலே இரண்டு வழிகள் இருக்கின்றன. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றாகிய எங்கள் திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாள் கோயிலைப் போன்ற பழைய கோயில்களுக்கு ஜீர்ணோத்தாரணம் செய்கையில் எழுகிற அதே பிரச்சினைதான் இங்கேயும் எழுகிறது. சில காலம் முன்பு தமிழ்நாட்டுக் கோயில்களில் மணலைப் பீய்ச்சியடித்துக் கல்லைச் சுத்தம் செய்கிற முறை பரவி, அழுக்கோடு கல்வெட்டின் எழுத்துகளையும் சிற்பத்தின் நுணுக்கத்தையும் தேய்த்துவிட்டதென்று எதிர்ப்புக் கிளம்பி, அந்த முறைக்குத் தடை வந்தது. காரிலும் பழைய வண்ணத்தை எடுக்க மணலடிக்கிறார்கள். கனத்த சேஸிஸுக்கு அது பொருந்தும். மெல்லிய பானெட்டுக்கும் கூரைக்கும் அடித்தால் தகடு அலையலையாக நெளிந்துவிடும். அந்த நெளிவை மறைக்கப் பட்டி பூச வேண்டிவரும். தகடுகளில் குத்திய எண்களும் அந்த மணலில் மழுங்கிப் போகின்றன. சிரத்தையுள்ளவர்கள் மருந்து தடவி வண்ணத்தை உரிக்கிறார்கள். உரிப்பதற்கு முன்னே, கதவுக் கீலின் பின்புறம், டாஷ்போர்டின் உட்பக்கம், பெட்ரோல் டாங்கின் மேற்பகுதி போன்ற வெயில் படாத மூலைகளில் ஒளிந்திருக்கும் ஆதி வண்ணத்தைக் கண்டுபிடித்து, அதற்கு நேரான சாயலைக் கலக்கிறார்கள். அச்சு மையின் சாயலைக் கண்ணாலேயே பிடிக்கிற தொழிலாளிகள் வீதிக்கு வீதி இருக்கும் சிவகாசியில் இதற்கு ஆள் கிடைக்காமல் போகாது என்று நான் நம்புகிறேன். வண்டியெங்கும் கண்ணைப் பறிக்கும் சிவப்பும் மஞ்சளும் அடித்து, தொழிற்சாலை ஒருநாளும் கொடுத்திராத பளபளப்பை ஏற்றி வைத்திருப்பதைக் கண்டால், எனக்கு அங்கே செலவு தெரிகிறதேயொழிய அபிமானம் தெரிவதில்லை.

குரோமிய முலாம் போட்ட பம்பரும் முகப்புக் கம்பிகளும் நல்ல நிலையில் கிடைப்பது அபூர்வம். மீண்டும் முலாம் போடுவதானால் அடியில் செம்பும் நிக்கலும் ஏறிய பின்பே குரோமியம் ஏற வேண்டும். அவசரத்தில் போட்டது இரண்டு வருஷத்தில் கொப்புளிக்கும். டயர், ரப்பர் பீடிங், கண்ணாடி ஆகியவற்றை 1949 முதல் 1952 வரையிலான செவர்லேக்களுக்கென்று அமெரிக்காவில் இன்றும் செய்கிறார்கள். ஆனால் நம் வண்டியின் ஸ்டீயரிங் வலப்பக்கத்தில் இருப்பதால் டாஷ்போர்டும் பெடல்களும் ஸ்டீயரிங் பெட்டியும் அங்கே கிடைப்பவற்றோடு பொருந்தா. காணாமற்போன வலப்பக்க உறுப்பு ஒன்று, பத்து ரப்பர்களைவிட விலை மதிப்புடையது. ஆகவே நான் வண்டியைப் பார்க்கப் போனால் முதலில் வண்ணத்தை விட்டுவிட்டு, அந்த உறுப்புகள் முழுமையாக இருக்கின்றனவா என்றுதான் பார்ப்பேன்.

புதுப்பித்தவர் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த போட்டோக்களும், வாங்கிய பாகங்களின் பில்களும், வேலை செய்த பட்டறைகளின் கணக்கும் ஒரு கட்டாக வைத்திருந்தால், அந்தக் கட்டே வண்டியின் பாதி மதிப்பு என்று சொல்லத் துணிவேன். தகட்டின்மேல் வண்ணம் ஏறிய பிறகு உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லக்கூடியது அந்தப் போட்டோ ஒன்றுதான். நன்றாக வேலை செய்தவருக்கு அதைக் காட்டுவதில் பெருமை இருக்கும்.

இனிப் பத்திரங்கள். மத்திய சர்க்கார் 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் கடந்த, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நாற்சக்கர வண்டிகளுக்கு வின்டேஜ் என்ற தனி அந்தஸ்தை அளித்தது. சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் செய்யாமல் ஆதி உருவிலேயே வண்டி இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வாடகைக்கு ஓடி டீசலுக்கு மாறிய வண்டிகளின் சங்கடம் இங்கே விளங்கும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவதற்கு ராஜ்யத்தின் எழுத்துகளுக்குப் பிறகு வி.ஏ. என்ற எழுத்துகள் வரும் எண் தருவார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு பத்து வருஷம் செல்லும். இப்படிப் பதிந்த வண்டியைத் தினசரிப் போக்குவரத்துக்கு உபயோகிக்கக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு எடுத்துச் செல்லலாம். தாத்தா காலத்துக் காரைக் கல்யாண வாடகைக்கு விட்டுச் செலவை ஈடுகட்டலாம் என்று எண்ணி வாங்குபவர் இந்த விதியை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுக் கையைப் பையில் விட வேண்டும்.

பத்திரங்களில் அடிக்கடி காணும் சிக்கல் இன்னொன்று: ஆர்.சி. புத்தகம் இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருக்கும். வண்டி பேரன் வீட்டுக் கொட்டகையில் இருக்கும். இடையில் வாரிசுகள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அவர்கள் அனைவரும் கையெழுத்திட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றம் முடியும்வரை, எவ்வளவு அழகான வண்டியானாலும் முழுத் தொகையை நீட்டுவது விவேகமல்ல. எங்கள் விருதுநகர் ஜில்லா 1985-இல்தான் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. ஆகவே அதற்கு முந்திய பதிவுகளின் தடம் வேறு ஊர் அலுவலகங்களில் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு தேட வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்கும் ஈடாக இந்த வண்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் நடத்தும் ஜீடி கார் மியூசியத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். பஸ் நடத்தி முன்னுக்கு வந்து யந்திர மேதையென்று பெயரெடுத்த ஒருவரின் பரம்பரை, கார்களைச் செல்வத்தின் சின்னமாக மட்டும் பாராமல் தொழில்நுட்பத்தின் சரித்திரமாக அடுக்கி வைத்திருப்பதை அங்கே காணலாம். எங்கள் ஊர்ப்பக்கமும் இந்தக் காரியத்துக்குத் தகுதியற்றதல்ல. வெளிநாட்டில் பல வருஷம் உழைத்து ஓய்ந்த ஆப்செட் அச்சு யந்திரங்களை வரவழைத்து, நட்டு நட்டாகப் பிரித்துச் சரிசெய்து, மறுபடியும் காலண்டர் அடிக்க வைக்கிற மெக்கானிக்குகள் சிவகாசியில் இருக்கிறார்கள். உருளையின் தேய்மானத்தை விரல் நுனியாலேயே சொல்லும் அவர்களுக்கு ஒரு செவர்லேயின் கிங் பின்னும் புஷ்ஷும் பெரிய வித்தையல்ல. அவர்களில் இரண்டு பேர் ஒரு பழைய வண்டியைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டால், அந்த வண்டி நம் ஜில்லாவில் நிற்பதற்கு ஒரு காரணம் உண்டாகும். இல்லாவிட்டால் பெங்களூரிலோ டில்லியிலோ உள்ள சேகரிப்பாளரின் கண்ணாடிக் கூடத்துக்குத்தான் அது போய்ச் சேரும்.

கடைசியாக ஒன்று. புதுப்பிக்கும்போது எடுத்துப் போட்ட பழைய பாகங்கள் உண்டு: தேய்ந்த கார்புரேட்டர், வெடித்த ஸ்டீயரிங் சக்கரம், கிழிந்த இருக்கைத் துணியின் ஒரு துண்டு, ஒடிந்த கைப்பிடி. இவற்றைப் பல பட்டறைகளில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அடுத்து வேலை செய்யப்போகிறவருக்கு அளவும் அச்சும் வண்ணமும் அந்தக் குப்பையிலிருந்துதான் கிடைக்கும். ஆகையால் பேரம் முடிந்து முன்பணம் கொடுக்கும்போதே, அந்தப் பெட்டியும் வண்டியோடு சேர்த்தி என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு, சாவியை வாங்குவதற்கு முன்பே அதை டிக்கியில் ஏற்றிவிட வேண்டும்.